சின்ன அறை சூடான கிழமை

என் மகளுக்குக் குழந்தை மூன்று கிழமை முந்திப் பிறந்துவிட்டது. எங்கள் வீட்டில் எதுவும் ஆயத்தமாக இருக்கவில்லை.

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை அது. ஜேர்மனியில், எங்கள் டோர்ட்மண்ட் நகரத்தில், தெருவோரம் ஒதுக்கிவிட்ட பனி கல்லாக இறுகிக் கிடந்தது. காலையில் மருமகன் தொலைபேசியில் அழைத்தார். பெண் குழந்தை, வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள், இருவரும் நலம், வெள்ளிக்கிழமைதான் வீட்டுக்கு விடுவார்கள் என்றார். மனைவி அழுதுகொண்டே சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே சின்ன அறைக்குப் போனவள் போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"இஞ்சருங்கோ, உந்த அறை ஐஸ் மாதிரிக் கிடக்கு."

எங்கள் வீடு மூன்றாம் மாடியில். சின்ன அறை மகளுடையது. அவள் கலியாணம் முடித்துப் போன பிறகு மனைவி சாமிப்படங்களை அங்கே குடியேற்றிவிட்டாள். அந்த அறையின் யன்னல் மேற்குச் சுவரில் இருக்கிறது. யன்னலுக்குக் கீழே ஹைட்சுங். சுவரில் பொருத்திய அந்த வெள்ளை இரும்புக்குத் தமிழில் நல்ல பெயர் இருக்கக்கூடும். இங்கே எங்கள் ஆட்கள் எல்லோரும் ஹைட்சுங் என்றுதான் சொல்வார்கள். கட்டிடத்தின் அடியில் காயும் சுடுதண்ணீர் குழாய் வழியாக வந்து அதற்குள் ஓடும், அறை சூடாகும்.

சாமி கிழக்குப் பார்த்து இருக்க வேண்டும் என்பதால் மனைவி படங்கள் அடுக்கிய சாமித்தட்டை அந்த மேற்குச் சுவரோடு, ஹைட்சுங்குக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தாள். இன்னொரு காரணமும் உண்டு. அறைக் கூரையில் புகைமணி இருக்கிறது. சாம்பிராணி போட்டால் அது முழுக் கட்டிடத்துக்கும் கேட்கக் கத்தும். யன்னலடியில் என்றால் யன்னலைத் திறந்துவிட்டுப் போடலாம். நான் வேலைக்குப் போக முன்னும் மாலையிலும் மனைவி ஏற்றும் குத்துவிளக்கு தட்டில் நின்றது, தட்டுக்கு முன்னால் சின்னதாக ஒரு சிவப்புத் திரையும் தொங்கியது. அறையின் மீதி இடத்தில் அரிசிப் பைகளும் பழைய சூட்கேசுகளும். ஆள் புழங்காத அறைக்கு எதற்குச் சூடு என்று நான்தான் நாலு வருடத்துக்கு முன் ஹைட்சுங்கின் தலையைத் திருகி மூடினேன். தலை என்பது பக்கத்தில் இருக்கும் வெள்ளைத் திருகி. ஒன்றிலிருந்து ஐந்து வரை இலக்கம் போட்டிருக்கும். அன்று மூடியதை அதன்பிறகு நான் தொடவேயில்லை.

இப்போது ஐந்துக்குத் திருகினேன். இரண்டு மணி நேரம் பொறுத்துப் போய்த் தொட்டுப் பார்த்தேன். இரும்பு குளிர்ந்துதான் கிடந்தது. சுவர் வெப்பமானி பதினாலு காட்டியது.

எங்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. முதற்பிள்ளை பிறந்தால் பெண் தாய்வீட்டுக்கு வந்து முப்பத்தொன்றாம் நாள் கழியும்வரை இருப்பாள். மனைவி மாதக்கணக்காக இதற்காகவே வாழ்ந்தாள். பத்தியக் கறிக்கு மிளகும் மல்லியும் சேர்த்துச் சரக்குத்தூள் வறுத்து இடித்துப் போத்தலில் அடைத்து வைத்திருந்தாள். பழைய பருத்திச் சேலைகளைக் கிழித்துத் தோய்த்து மடித்து வைத்திருந்தாள். அறையை மட்டும் கடைசியில் பார்க்கலாம் என்று விட்டிருந்தோம்.

அன்று பின்னேரம் வைத்தியசாலையில் மருமகனின் தாயும் நின்றார். நல்ல மனுசி. வாய் மட்டும் பெரிது. பேத்தியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"அறை எல்லாம் ஆயத்தமோ?"

மனைவிக்குப் பொய் வராது. "எல்லாம் சரி அக்கா. ஹைட்சுங்தான் சூடாகுதில்லை. பாப்பம்."

"சூடாகுதில்லையோ? என்ன கதை கதைக்கிறியள்? முந்திப் பிறந்த பிள்ளை. எங்கட புது வீட்டில நிலமே சூடு. செருப்பில்லாமல் நடக்கலாம்."

"அது சரி அக்கா. ஆனா வழக்கம் எண்டு ஒண்டு இருக்கெல்லே?"

"வழக்கம் இருக்கட்டும். வழக்கம் வந்து பிள்ளைக்குப் போர்வை போர்த்துமோ?"

அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. வந்த புதிதில் அகதிகள் விடுதியில், யன்னல் சரியாக மூடாத அறையில் முதற்பிள்ளையை வளர்த்தவர். அந்தப் பிள்ளை குளிர்காலம் முழுக்க இருமியதை எங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அண்ணை, நீங்கள் ஒண்டும் கதைக்காமல் நிக்கிறியள். வியாழக்கிழமை பின்னேரம் நான் வந்து பாப்பன். அறை சூடெண்டால் என்ர கையாலயே பிள்ளையைக் கொண்டுவந்து தருவன். இல்லையெண்டால் எங்கட வீட்டுக்குத்தான். கோவிக்கக் கூடாது."

நான் தலையை ஆட்டினேன். நான் அப்படித்தான். நாலு பேர் நிற்கும் இடத்தில் எனக்கு நாக்கு எழும்பாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ஒரு பெரிய சமையற்கூடத்தில் இருபத்தைந்து வருடமாகப் பாத்திரம் கழுவுகிறேன். அங்கே வாய்க்கு வேலையில்லை. கடிதம், தொலைபேசி, அலுவலகம் எல்லாம் மகளின் வேலையாகவே இருந்து வந்தது. எட்டு வயதில் எனக்காக இந்த நாட்டு டொச்சு மொழியில் கதைக்கத் தொடங்கியவள். கலியாணம் முடித்த பிறகும் ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து கடிதங்களைப் பிரித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போவாள்.

எல்லோரும் குழந்தையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அவள் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, மாமி நல்லவ. ஆனா எனக்கு அம்மாவோட இருக்க வேணும் போல கிடக்கு. அறையைச் சூடாக்கேலுமோ?"

"ஓம்" என்றேன்.

யாரையும் கேளாமல், எப்படி என்று தெரியாமல், நான் கொடுத்த முதல் வாக்கு அது.

திங்கட்கிழமை வேலை முடிந்து வந்ததும் வீட்டு நிர்வாக அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். முதல் இரண்டு முறை மணி அடித்ததும் வைத்துவிட்டேன். மூன்றாம் முறை ஒரு பெண் எடுத்தாள். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தேன். முதல் வரியை வாசித்தேன். அவள் ஏதோ கேட்டாள். அந்தக் கேள்வி என் தாளில் இல்லை. "ஹைட்சுங் கல்ட்" என்றேன். ஹைட்சுங் குளிர். அதையே மூன்று தரம் சொன்னேன். அவள் பொறுமையாக ஒரு திகதி தந்தாள். மூன்று கிழமை கழித்துத்தான் ஆள் வரும் டெர்மின். நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

"என்னவாம்?" என்றாள் மனைவி.

"மாசி மாசமாம்."

"அதுக்குள்ள பிள்ளை தவழ்ந்திடும்."

கீழே இறங்கிப் போனேன். எங்கள் கட்டிடத்தின் ஹவுஸ்மைஸ்டர் வாசலில் உப்புத் தூவிக்கொண்டிருந்தார். கட்டிடத்தைப் பராமரிக்கும் பெரிய உடம்புக்காரர். பதினொரு வருடமாக எங்களுக்குள் காலை வணக்கம் மட்டும்தான். அன்று அவருக்கு முன்னால் போய் நின்றேன். அவர் உப்பு வாளியைக் கீழே வைத்தார். ஹைட்சுங் குளிர் என்றேன். உள்ளே போய்ச் சதுரத் துளை வைத்த சின்னச் சாவி ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். காற்று அடைத்திருக்கும், மேல் மூலையில் திருகு, சீறும், தண்ணீர் வந்ததும் மூடு என்று கையால் காட்டிச் சொன்னார். எல்லாம் விளங்கியது.

ஒரு கோப்பையைக் கீழே பிடித்துக்கொண்டு திருகினேன். சீறவில்லை. காற்றே இல்லை. ஒரேயடியாகத் தண்ணீர் பாய்ந்து என் முகத்திலும் அரிசிப் பையிலும் சாமிப்படங்களிலும் அடித்தது. அதுவும் கறுப்பாக. மூடுவதற்குள் நனைந்துவிட்டேன்.

மனைவி வாசலில் வந்து நின்று பார்த்தாள். "என்னப்பா, சாமிக்கு அபிஷேகமோ?"

"காத்து இல்லை."

"சாமிக்கும் உங்களுக்கும் குளிர் பிடிக்கப் போகுது. துடையுங்கோ முதல்."

செவ்வாய்க்கிழமை வேலையில் நின்றபடி யோசித்தேன். எங்கள் சமையற்கூடத்துப் பாத்திரம் கழுவும் இயந்திரம் ஒரு சின்ன வண்டி அளவுக்கு இருக்கும். அது சூடாகாமல் விடும் நாட்கள் உண்டு. தலைமைச் சமையற்காரர் திருத்துபவர்களைக் கூப்பிட முதல் என்னைத்தான் கூப்பிடுவார். நான் இயந்திரத்தைத் திறப்பதில்லை. தண்ணீர் வரும் வழியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு போவேன். எந்த இடத்தில் சூடு நிற்கிறதோ அந்த இடத்தில்தான் பழுது. இத்தனை வருடத்தில் என் கை பிழைத்ததில்லை. வீட்டில் மட்டும் ஏன் இந்தக் கையை மறந்தேன்?

அன்று பின்னேரம் சின்ன அறையில் நிலத்தில் உட்கார்ந்து குழாயைத் தொட்டேன். தரையிலிருந்து வரும் குழாய் சுட்டது. மெல்ல மேலே கொண்டுபோனேன். திருகும் தலை இருக்கும் இடம்வரை சுட்டது. அதற்கு ஒரு விரல் தள்ளி, இரும்பு குளிர். ஆக, தண்ணீர் வாசல்வரை வந்து நிற்கிறது. கதவுதான் திறக்கவில்லை.

அந்தத் தலை ஒரு உலோக வளையத்தால் பிடித்திருந்தது. துணியைச் சுற்றித் திருகக் கழன்று கையோடு வந்தது. தண்ணீர் வரவில்லை. உள்ளே ஒரு சின்ன ஊசி, பென்சில் கூர் அளவு. அது இப்படித்தான் இருக்குமா, இல்லையா? எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது. பெரிய அறையில் ஹைட்சுங் நன்றாக வேலை செய்கிறது. அதன் தலையையும் கழற்றினேன்.

"நல்லாயிருக்கிறதையும் உடையுங்கோ" என்றாள் மனைவி.

"உடைக்கேல்லை. கேக்கிறன்."

"ஆரிட்டை?"

"உதிட்டைத்தான்."

பெரிய அறையின் ஊசி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. விரலால் அமத்தினால் உள்ளே போய், விட்டதும் துள்ளி வெளியே வந்தது. சின்ன அறையின் ஊசியோ முழுக்க உள்ளே போய் அங்கேயே இறுகிக் கிடந்தது. நாலு வருடம் மூடி வைத்ததில் ஒட்டிப்போய்விட்டது. ஊசி வெளியே வந்தால் கதவு திறக்கும், உள்ளே போனால் மூடும். அவ்வளவுதான் விசயம். ஒரு வெள்ளைத் தொப்பிக்குள் ஒளித்து வைத்து எவ்வளவு பெரிதாகக் காட்டுகிறார்கள்!

சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது ஹவுஸ்மைஸ்டரிடம் ஊசி உள்ளே நிற்பதை என் சுண்டுவிரலால் காட்டினேன். அவர் என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். பிறகு, இழுக்காதே, இழுத்தால் உன் வீடும் கீழ் வீடும் குளிக்கும், தட்டு, அமத்து, அவ்வளவுதான் என்றார். சாவி உன்னிடமே இருக்கட்டும் என்றும் சொன்னார்.

புதன்கிழமை வேலை முடிந்து வந்ததும் ஹைட்சுங்குக்கு முன்னால் உட்கார்ந்தேன். தையல் இயந்திரத்து எண்ணெய் ஒரு துளி விட்டேன். சுடுதண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்தேன். அகப்பைக் காம்பால் பக்கத்தில் மெல்லத் தட்டினேன். ஊசியின் தலையில் ஒரு கரண்டியின் பின்பக்கத்தை வைத்து அமத்தி விட்டேன். மறுபடி தட்டினேன். மனைவி ஒருமுறை வந்து பார்த்து, தேத்தண்ணி வைத்துவிட்டுப் போனாள். அது ஆறிப் போனது.

இடையில் கை ஓய்ந்தபோது அந்தத் தலையைக் குசினிக்குக் கொண்டுபோய்க் கழுவினேன். தொழில் புத்தி. அதன் மேல் கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்திருந்தது, சுடுதண்ணீருக்குக் கீழே பிடித்துத் தேய்த்தேன். தேய்க்கும்போது அதன் அடியில் இருந்த சின்னப் பொத்தான் வெளியே தள்ளிக்கொண்டு வந்ததைக் கண்டேன். துடைத்து ஆற வைத்ததும் அது உள்ளே போய்விட்டது. அட, என்று நினைத்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

மறுபடி போய்த் தட்டினேன். பத்தாவது தட்டோ இருபதாவதோ, டிக் என்று ஒரு சத்தம். ஊசி துள்ளி வெளியே வந்தது. அதோடு இரும்புக்குள் தண்ணீர் ஓடும் சத்தம், யாரோ சுவருக்குள் நின்று மூச்சு விடுவது போல. என் உள்ளங்கையை வைத்தேன். முதலில் மேல் ஓரம், பிறகு நடு, பிறகு அடி. சூடு என் கைக்குக் கீழே நடந்து போனது.

"இஞ்ச வா!" என்று கத்தினேன். நான் கத்தி மனைவி கேட்டதில்லை. கையில் மாவோடு ஓடி வந்தாள். ஹைட்சுங்கில் கையை வைத்தாள். அந்த மாவு அடையாளம் இப்போதும் அதன் பக்கத்தில் கொஞ்சம் இருக்கிறது. நான் துடைக்கவில்லை.

தலையைத் திரும்பப் பூட்டி, மூன்றில் வைத்தேன். ஐந்து மணிக்கு அறை பதினெட்டு காட்டியது. அரிசிப் பைகளை வெளியே எடுத்தோம். கட்டிலைப் பொருத்தி நிறுத்தினோம். அன்று நான் சாப்பிட்டதுபோல ருசியாக ஒருநாளும் சாப்பிட்டதில்லை.

சாப்பிட்டுவிட்டு ஏழரைக்குப் போய்த் தொட்டேன். இரும்பு மறுபடி குளிர்ந்து கிடந்தது.

தலையைத் துணி சுற்றிக் கழற்றிப் பார்த்தேன். ஊசி ஒட்டவில்லை, நன்றாகத் துள்ளியது. பூட்டினேன். ஒன்றும் விளங்கவில்லை. வியாழக்கிழமை காலை ஐந்தரைக்கு நான் வேலைக்கு வெளிக்கிடும்போதும் குளிராகத்தான் இருந்தது. பகல் மனைவி தொலைபேசியில் சொன்னாள், "இப்ப நல்ல சூடப்பா, யன்னல் கண்ணாடியே வேர்க்குது." மூன்று மணிக்கு நான் வீடு வந்து தொட்டபோதும் கொதித்தது. காலையில் குளிர், பகலில் சூடு, இரவில் குளிர். காய்ச்சல்காரன் மாதிரி. கட்டிடத்துக்கே இரவில் சூட்டைக் குறைக்கிறார்களோ என்று பெரிய அறையைத் தொட்டேன், அங்கே எப்போதும் ஒரே சூடு.

ஆறரை மணிக்கு மருமகனின் தாய் வந்தார். கையில் ஒரு பெரிய சட்டி நிறைய மீன்கறி.

மனைவி ஐந்து மணிக்கே விளக்கேற்றியிருந்தாள். பிள்ளையும் தாயும் வீட்டுக்குள் வந்துவிட்டால் பிறகு முப்பத்தொன்றுவரை துடக்கு, பிறப்புத் தீட்டு, விளக்கேற்ற முடியாது. அதனால் கடைசி நாள்வரை சாமியை அசைக்க மாட்டேன், வெள்ளிக்கிழமை காலைதான் பெரிய அறைக்கு மாற்றுவேன் என்று நின்றாள். இப்போது வந்தவருக்கும் துடக்கு, பேத்தி பிறந்த வீட்டுக்காரர். மனைவி ஓடிப்போய்ச் சிவப்புத் திரையை இழுத்து மூடினாள். விளக்குக்கும் திரைக்கும் நடுவில் தாராளமாக இடம் உண்டு.

"நான் அந்தப் பக்கம் வரமாட்டன்" என்று சொல்லி அவர் மற்றப் பக்கத்தால் சுற்றி வந்து ஹைட்சுங்கின் மறுமுனையில் கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"அண்ணை, உதுக்குள்ள மீன்கறியை வைச்சால் ஒரு கிழமைக்குப் பழுதாகாது."

"பகல் நல்ல சூடு அக்கா" என்றாள் மனைவி. "சத்தியமாச் சூடு. கண்ணாடி வேர்த்தது."

"பிள்ளை பகலில மட்டுமோ இருக்கப் போகுது? நான் சொல்லிப்போட்டன், கோவிக்கக் கூடாது எண்டு. நாளைக்கு எங்கட வீட்டுக்குக் கொண்டு போறன். நீங்கள் வந்து நில்லுங்கோவன், ஆர் வேண்டாம் எண்டது?"

மனைவி கட்டிலில் விரித்திருந்த வெள்ளைத் துணியைச் சுருக்கம் இல்லாத இடத்திலும் நீவிக்கொண்டு நின்றாள்.

என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. எதையாவது செய்ய வேண்டும் போல இருந்தது. குனிந்து, திரைக்குப் பின்னால் கையை விட்டு, தலையை ஐந்துக்குத் திருகுவோம் என்று பிடித்தேன்.

தலை சுட்டது.

இரும்பு குளிர்கிறது, தலை சுடுகிறது. கையை எடுக்காமல் அப்படியே குந்தியிருந்தேன். திரையை விலக்கிப் பார்த்தேன். மனைவியின் குத்துவிளக்கு அந்தத் தலைக்குக் கீழே, ஒரு சாண் தள்ளி எரிந்துகொண்டிருந்தது. அதன் அனல் மேலே எழும்பி, திரைக்குள் அடைபட்டு, நேரே தலையில்தான் பட்டது. கரியும் எண்ணெயும் அதில் எப்படி வந்தன என்று அப்போதுதான் விளங்கியது. சுடுதண்ணீருக்குக் கீழே பிடித்தபோது வெளியே வந்த பொத்தானும் கண்ணுக்கு முன்னால் வந்தது. சூடு பட்டால் பொத்தான் நீளும். நீண்டால் ஊசியை உள்ளே தள்ளும். தள்ளினால் கதவு மூடும். இந்தத் தலை அறையின் சூட்டை மோந்து பார்த்து நடக்கிற சாமான். அதற்கு முன்னால் நாங்கள் காலையும் மாலையும் விளக்கேற்றி வைத்தோம். அறை கொதிக்கிறது, இனிப் போதும் என்று அது ஒழுங்காகக் கதவை மூடியது. அது தன் வேலையைத்தான் செய்தது.

எழும்பினேன். மருமகனின் தாய் கைப்பையைத் தோளில் போட்டுவிட்டார்.

"இருங்கோ" என்றேன்.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் இன்னும் கொஞ்சம் பலமாகச் சொன்னேன்.

"இருந்து ஒரு தேத்தண்ணி குடியுங்கோ. குடிச்சிட்டு வந்து தொட்டுப் பாருங்கோ. பேந்து போங்கோ."

"அண்ணை கதைக்கிறார்!" என்றார் அவர். "இதுக்காகவே இருக்கலாம்."

மனைவி என் பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டாள். "என்ன செய்யப் போறியள்? எரியிற விளக்கை அணைக்கக் கூடாது, சொல்லிப்போட்டன்."

"விளக்கு எரியட்டும். நான் அதைத் தொடமாட்டன்."

அவர்கள் குசினிக்குப் போனதும் வளையத்தைத் திருகித் தலையைக் கழற்றினேன். தள்ளுவதற்கு ஆள் இல்லாமல் ஊசி டிக் என்று வெளியே வந்தது. சுவருக்குள் அந்த மூச்சுச் சத்தம் கேட்டது. தலையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அங்கேயே நின்றேன். நெஞ்சுக்குப் பக்கத்தில் அது இதமாகச் சுட்டது. குசினியில் கோப்பைச் சத்தம், பேத்தியின் மூக்கு யாருடைய மூக்கு என்ற விவாதம். நான் ஒரு கையை இரும்பில் வைத்திருந்தேன். வைத்திருக்க முடியாமல் போனதும் எடுத்துக்கொண்டு போய், "இப்ப வாங்கோ" என்றேன்.

அவர் வந்தார். முன்பு போலவே முழுக் கையையும் அமத்தி வைத்தார்.

"ஐயோ, என்ர கை!" என்று கையை உதறிக்கொண்டு பின்னால் பாய்ந்தார். மனைவி பயந்து ஓடி வந்தாள். அவர் விரல்களை ஊதிக்கொண்டே சிரிக்கத் தொடங்கினார். "என்னண்ணை, கறி காய்ச்சலாம் போல கிடக்கு! என்ன செய்தனீங்கள்?"

சட்டைப் பையிலிருந்து தலையை எடுத்துக் காட்டினேன். விளக்கைக் காட்டினேன். கதையைச் சொன்னேன், தொடக்கத்திலிருந்து, ஊசி, கதவு, பொத்தான், அனல் எல்லாவற்றையும். சொல்லி முடித்தபோதுதான் இவ்வளவு நேரம் நான் மட்டும் கதைத்திருக்கிறேன் என்று தெரிந்தது. இருவரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

"அப்ப நாலு வருசமா நான் சாமிக்கு ஏத்தின விளக்கை உது தனக்கெண்டு நினைச்சிருக்கு" என்றாள் மனைவி.

"அதுக்கும் பக்தி இருக்கும்தானே" என்றார் மருமகனின் தாய். கைப்பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்தார். பிறகு என்னிடம், கொஞ்சம் தணிந்த குரலில், "அண்ணை, எங்கட குளிக்கிற அறையில துவாய் காய வைக்கிற ஹைட்சுங் ஒண்டு இருக்கு. மேல் பாதி சூடாகுதில்லை. ஒரு நாளைக்கு வந்து..."

"அங்க நிலமே சூடெல்லோ அக்கா?" என்றாள் மனைவி. ஐந்து நாளாக வைத்திருந்ததை அப்போதுதான் இறக்கினாள்.

"குளிக்கிற அறையைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேல்லையே!"

வெள்ளிக்கிழமை வேலைக்கு விடுப்பு எடுத்திருந்தேன். காலையில் சாமித்தட்டைப் பெரிய அறைக்கு மாற்றி, திரையைப் போட்டு மூடினோம். சின்ன அறையில் தலையைப் பூட்டி மூன்றில் வைத்தேன். இனி அது அறையை மட்டும் மோந்து பார்க்கலாம். மதியம் வெப்பமானி இருபத்தொன்று காட்டியது. வாசலில் பனியைத் தள்ளிக்கொண்டு நின்ற ஹவுஸ்மைஸ்டர் குழந்தையைக் கண்டதும் கதவைத் திறந்து பிடித்தார். என்னைப் பார்த்து, "வார்ம்?" என்று கேட்டார். "வார்ம்" என்றேன்.

சொன்ன சொல் தவறாமல் மருமகனின் தாயே குழந்தையைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடியும் ஏறி வந்து மனைவியின் கையில் கொடுத்தார். மகள் சின்ன அறைக்குள் வந்தாள். தடித்த மேலங்கியைக் கழற்றினாள். கழுத்துத் துணியைக் கழற்றினாள். கொஞ்ச நேரத்தில் குழந்தையின் தொப்பியையும் கழற்றி என் கையில் தந்தாள்.

"அப்பா, சூடு கூட. கொஞ்சம் குறைச்சு விடுங்கோ."

உலகத்தில் ஒருவரும் இவ்வளவு சந்தோசமாக ஒரு ஹைட்சுங்கை மூன்றிலிருந்து இரண்டரைக்குத் திருகியிருக்க மாட்டார்கள்.

மாசி மாதத்து டெர்மினை நானே தொலைபேசி எடுத்து வேண்டாம் என்றேன். தாள் எழுதவில்லை. அதே பெண்தான். பழுது சரியாகிவிட்டதா, யார் திருத்தியது என்று கேட்டாள். மகள் பக்கத்திலிருந்து கையை நீட்டினாள், வழக்கம்போல வாங்கிக் கதைப்பதற்கு. நான் கொடுக்கவில்லை. "இஷ்" என்றேன். அதாவது, நான்.

முப்பத்தொன்று அன்று வீட்டைக் கழுவித் துடைத்தோம். குழந்தைக்கு முழுக்காட்டி, புதுச் சட்டை போட்டு, எல்லோரும் பெரிய அறையில் கூடினோம். ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் விளக்கேற்ற வேண்டும். மனைவி துலக்கிய குத்துவிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு சாமித்தட்டுக்கு முன்னால் நின்றாள். வைக்கவில்லை. யன்னல் பக்கம் பார்த்தாள், ஹைட்சுங்கைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். சாமி விசயத்தில் அவள் என்னிடம் ஒருநாளும் எதுவும் கேட்டதில்லை.

"எங்கையப்பா வைக்கிறது?"

நான் மற்றச் சுவர் ஓரத்தைக் காட்டினேன். அவள் அங்கே கொண்டுபோய் வைத்தாள்.

"சரிதான்" என்றார் மருமகனின் தாய், பேத்தியை மடியில் ஆட்டிக்கொண்டு. "இனிச் சாமியும் அண்ணையைக் கேட்டுத்தான் இருக்க வேணும்."